வாய் வச்சிக் குடி

அத்தை வீட்டுக்குள் போனவர் யாரும் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு வெளியே வந்ததில்லை. இது எனக்குத் தெரியக் கொஞ்சம் செலவானது. திண்டிவனத்துக்கும் ஒலக்கூருக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தெருவுக்கு வல்லம் பக்கத்திலிருந்து நான் மருமகளாகப் போன முதல் வாரம், எதிர்வீட்டிலிருந்து அத்தை கூப்பிட்டாள். போனேன். சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். அடுத்தவர் வீட்டில் எச்சில் பண்ணக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த பெண் நான். சொம்பைத் தலைக்கு மேல் தூக்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பாதித் தண்ணீர் என் புதுப் புடவையில் கொட்டியது.

"வாய் வச்சிக் குடி மருமவளே. இந்த ஊட்ல யாரும் அண்ணாந்து குடிக்கக் கூடாது."

சரியான பைத்தியத்துக்கு எதிரே குடி வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வாய் வைத்துக் குடித்தேன். என் கையிலிருந்த சொம்பை வாங்கி, கழுவாமல் கொள்ளாமல், மீதித் தண்ணீரை அவள் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவ்ளோதான். இப்ப நீ எங்க பொண்ணு" என்றாள்.

அவள் எனக்கு உறவு இல்லை. புருஷன் இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தவர், பிள்ளைகள் கிடையாது. தெருவே அத்தை என்றுதான் கூப்பிடும். கழனி வேலைக்குப் போவாள், சீசனில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கப் போவாள், மற்ற நாளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுப்பாள். கேஸ் சிலிண்டர் போடுகிற பையனிலிருந்து கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் வரை அவளிடம் தண்ணீர் கேட்டால் வாய் வைத்துத்தான் குடித்தாக வேண்டும். 

ஒரு தேர்தலில் வேட்பாளர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். பின்னால் மேளம், முன்னால் செல்போன். அத்தை அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் டம்ளரை மரியாதையாக வாங்கி, மரியாதையாக மேலே தூக்கினார். 

"அண்ணே, வாய் வச்சிக் குடிங்க. வாய் வச்சாதான் ஓட்டு" என்றாள் அத்தை.

அத்தனை செல்போனும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனிதர் சிரித்தார், வேறு வழியில்லாமல் வாய் வைத்தார். கூட்டம் கைதட்டியது. அவர் போனதும், "அப்ப அவருக்குத்தான் ஓட்டா அத்தை?" என்று கேட்டேன். 

"போடி. வாய் வச்சதுக்கு மோர் குடுத்தாச்சு. ஓட்டு வேற கணக்கு." 

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவளாக ஒரு தடவைதான் சொன்னாள். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய அப்பா காலத்தில் ஊர்த் தெரு டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி கிளாஸ். கடைக்கு வெளியே ஆணியில் தொங்கும். அவரே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும், கடைக்காரன் படாமல் ஊற்றுவான். கழனியில் தாகம் எடுத்தால் சொம்பில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கையைக் குவித்துக் குனிய வேண்டும். 

"எங்கப்பா ஆயுசுக்கும் அண்ணாந்து குடிச்சே கழுத்து நோவு வந்து செத்தாரு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தபடியே ஒரு மல்லாட்டைக் கொட்டையைப் பாதி கடித்து, மீதியை என் வாயில் போட்டாள். எனக்கு அது சிரிப்பாக இல்லை.

ஆகவே எங்கள் தெருவே போகும் தேவாலயத்தில் அவளுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிரசங்கத்தில் தூங்குவாள். பாட்டில் முதல் அடிக்கு மேல் அவளுக்குத் தெரியாது. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாளில், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவாள். பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலில் நிற்போம். போதகர் முதலில் அப்பம் கொடுத்துக்கொண்டு போவார், பிறகு திராட்சை ரசக் கிண்ணத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைத்து, விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, அடுத்தவருக்குக் கொண்டு போவார். ஓய்வு பெற்ற பேங்க் ஆபீசர் வாய் வைத்த கிண்ணத்தில் நகராட்சியில் குப்பை அள்ளுகிறவர் வாய் வைப்பார். அவருக்கு அடுத்து அத்தை.

"அந்த ஒரு வாய்க்காவத்தான் எங்கப்பா ஏசு வேதத்துக்கு வந்தாரு. மத்த கதையெல்லாம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்பாள். போதகர் காதில் விழும்படிதான் சொல்வாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கீழ் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் புகையிலையை அதக்கிக்கொள்வாள். நாற்று நடப் போன வயதில் பசிக்காமல் இருக்கப் பழகியதாம். ஞாயிறு காலை மட்டும் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவாள். 

நான் திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வந்து, "வாய்ப்புண் மாத்திரை குடு" என்றாள். மஞ்சள் நிற பி காம்ப்ளெக்ஸ்தான், எங்கள் பக்கத்தில் வாய்ப்புண்ணுக்கு எல்லோரும் கேட்பது. பார்த்தேன். இரண்டு கடைவாயும் வெடித்து, ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. வாயைத் திறந்தால் எரிகிறது என்றாள். சூடுதான், தானாகப் போய்விடும் என்றாள். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டாள், மாசிக்காயை இழைத்துப் பூசினாள், தேங்காய்ப்பாலைக் கொப்பளித்தாள். கொஞ்சம் ஆறும், திரும்பவும் வெடிக்கும். பிறகு ஒரு நாள் கீழ் உதட்டை மடித்துக் காட்டினாள். புகையிலை அதக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, விரல் நகம் அளவுக்கு, தடித்துச் சுருக்கம் விழுந்திருந்தது. தேய்த்தாலும் போகவில்லை. 

"வெத்தல போட்டப்ப சுண்ணாம்பு சுட்டுச்சி" என்றாள். 

"எப்போ போட்ட வெத்தல அத்தை?" 

"பொங்கலுக்கு." 

அப்போது ஆடி நடந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன். வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள்.

அடுத்த முதல் ஞாயிறு, எங்கள் வரிசை எழுந்து பீடத்துக்குப் போனபோது அத்தை எழவில்லை. வெள்ளைப் புடவையோடு பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். நான் தொட்டுக் கூப்பிட்டேன். "நீ போ" என்றாள். அதற்கடுத்த மாதமும் அப்படியே. மூன்றாவது மாதம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். 

எங்கள் சபையில் திருவிருந்துக்கு எழாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு கிண்ணத்தில் வாய் வைக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ஒருவர் எழவில்லை என்றால், மற்றவர்கள் அந்தப் பாவம் எதுவாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிரசங்கத்தை விட அது சுவாரசியம். யாரோடோ தொடர்பு வைத்திருக்கிறாள் என்று ஒரு கட்சி. அந்த வயதில்! என் மாமியார் துப்பறிந்து வேறொரு முடிவுக்கு வந்திருந்தார்.

"அமாவாசைக்கு மலையனூரு போய்ட்டு வந்துகீறா. வாயோரம் பாத்தியா, வெள்ளையா? அங்காளம்மன் கோயில் விபூதி. வாயில போட்டுக்கினு அது தொடச்சா போவுமா?"

புண்ணில் பூத்த பூஞ்சை, இரண்டு வாரத்தில் தெரு முழுக்க விபூதி ஆகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் நேரே அத்தை வீட்டுக்குப் போய், ஊர் என்ன பேசுகிறது தெரியுமா என்று கத்தினேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜன்னலில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். அது அவளுடையது. எனக்கு வழக்கம்போல் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மீதியை நீட்டினேன். வாங்கிச் செடிக்கு ஊற்றினாள்.

"என் வாயில கீறது இன்னான்னே தெரியல. கிண்ணத்துல பட்டு இன்னொருத்தருக்கு ஒட்டிக்கினா?" என்றாள்.

"அத சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே? ஒடம்பு செரியில்லன்னா யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

"சொன்னா இன்னா செய்வாங்க தெரியுமா? நல்லவங்கதான். எனக்குத் தனி கிளாஸ் வைப்பாங்க."

அவள் சொன்னது அப்படியே நடந்தது. போதகர் விசாரிக்க வந்தார். இளவயசுக்காரர், மனசாரப் பேசுகிறவர். அத்தை அவரிடம் மறைக்காமல் வாயைத் திறந்து காட்டினாள். அவர் பதறிப்போய், "இதுக்காகவாம்மா ஒதுங்கி இருக்கீங்க? உங்களுக்கு மட்டும் ஒரு சின்ன கிளாஸ்ல தனியா கொண்டாந்து குடுக்கறேன், யாருக்கும் தெரியாது" என்றார். 

அத்தை மெதுவாகச் சொன்னாள்: "வாணாம் ஐயா. பாவின்னு நெனச்சிக்கினு போவட்டும். தனி கிளாசுக்கு அது தேவலாம்."

அப்பத்தையாவது வாங்கிக்கொள்ளலாமே என்று பிறகு நான் கேட்டேன். "சோத்தப் போட்டுட்டுத் தண்ணி குடுக்கலன்னா அது விருந்தாடி?" என்றாள். அவளோடு வாதாட என்னால் ஆகாது.

கடைசியில் ஒரு நாள் லீவு போட்டு, பஸ்ஸில் ஏற்றி, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் தெரியாதவரிடமும் வம்பளக்கிற மனுஷி. பக்கத்தில் இருந்த பெண் முறுக்குப் பொட்டலத்தை நீட்டியபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

வாய் டாக்டர் சின்னப் பெண். கையுறை போட்டு, அத்தையின் கீழ் உதட்டைப் பிடித்து மடித்து, விளக்கு அடித்துப் பார்த்தார். 

"ரெண்டு விஷயம் இருக்கும்மா. கடைவாய் வெடிச்சிருக்கறது பூஞ்சை. களிம்பு தர்றேன், போயிடும். இந்த வெள்ளைத் திட்டு வேற. இது களிம்புக்குப் போவாது. பொகயில எத்தனை வருஷமா?"

நாற்று நடப் போன வயதிலிருந்து என்று நான்தான் சொன்னேன். 

"கேன்சரா?" என்று அத்தை கேட்டாள். 

"இப்பவே அப்படிச் சொல்ல முடியாது. விட்டா ஆகலாம். துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் தெரியும்."

அத்தை எழுந்துவிட்டாள். சதை எடுக்கிறது என்ற வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது. கத்தி பட்டால் பரவிவிடும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கத்தி வைத்தார்கள், அதற்கப்புறம்தான் போய்ச் சேர்ந்தான் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். கத்தி வைக்கும் முன்பே முற்றிப்போயிருந்ததை அந்தக் கதைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். 

"வா, போலாம். சும்மா கீறத நோண்டி விட்டுட்டா பேஜாரு" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். 

டாக்டர் கோபப்படவில்லை. "கத்தி படறதால பரவாதும்மா. விடறதாலதான் பரவும். இப்ப எடுத்தா ஒதட்டோட முடிஞ்சிடும். தாடைக்குப் போச்சுன்னா வாயால சாப்பிட முடியாது. அப்பறம் மூக்கு வழியா குழாய் போட்டு, அதுலதான் கஞ்சி, தண்ணி எல்லாம்" என்றார்.

அத்தை கதவருகே நின்றாள். "தண்ணியும் குழாய்லயா?"

"ஆமா."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எடுத்துக்கோம்மா" என்று வாயைத் திறந்தாள்.

ரிசல்ட் வரும்வரை அவள் என்னோடும் சரியாகப் பேசவில்லை. எனக்கும் கடையில் கணக்கு தப்பிக்கொண்டே இருந்தது. வந்தது: கேன்சர் இன்னும் ஆகவில்லை, ஆகிற பாதையில் இருக்கிறது, அந்த இடத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்தார்கள். புகையிலையை விட்டாள். விட்ட கோபத்தை எல்லாம் என் மேல் காட்டினாள். கடைவாய்ப் புண் களிம்பிலேயே ஆறிவிட்டது. உதடும் ஆறியது. ஆனால் இடது பக்கம் கொஞ்சம் குட்டையாகி, இழுத்துக் கட்டினதுபோல் இறுகிவிட்டது. வாய் முழுக்க மூடாது. தண்ணீர் குடித்தால் அந்தப் பக்கம் ஒழுகும். 

"தண்ணிதான் ஒழுவுது. பேச்சு ஒழுவல, பயப்படாத" என்றாள்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டரிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எல்லோரும் வாய் வைக்கிற கிண்ணத்தில் தான் வாய் வைக்கலாமா? பூஞ்சை போய்விட்டது, திட்டும் எடுத்தாகிவிட்டது, அது ஒட்டுகிற வியாதியும் இல்லை, தாராளமாக வைக்கலாம் என்றார் டாக்டர். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை முந்தானையால் வாயை மூடவில்லை. கண்டக்டரிடம் சில்லறைக்காகச் சண்டை போட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முதல் ஞாயிறு வந்தது. வெள்ளைப் புடவை கட்டி, எனக்கு முன்னால் போய், பழைய இடத்தில் உட்கார்ந்தாள். பீடத்தின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியைப் போதகர் எடுத்தார். கிண்ணம் இல்லை. அகலமான ஒரு தட்டு, அதில் குழி குழியாக, ஒவ்வொரு குழியிலும் ஒரு குட்டி கிளாஸ். இருமல் மருந்து அளந்து குடிக்கிற மூடி இருக்குமே, அந்த அளவு. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாற்றியிருக்கிறார்கள். நான் அவளோடு இருந்ததால் எனக்கும் தெரியாது. ஆளுக்கொரு கிளாஸ் எடுத்து, ஒரே வாயில் குடித்து, காலி கிளாஸைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். சீக்கிரமாகவே முடிந்துவிட்டது. அத்தை எழவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் போதகர் சிரித்த முகத்தோடு எங்களிடம் வந்தார்.

"உங்களுக்காகத்தாம்மா மாத்தினோம். இப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரி. உங்களை யாரும் தனியா பாக்க மாட்டாங்க."

"என்னத் தனியா பாக்கக் கூடாதுன்னு எல்லாரையும் தனியா ஆக்கிட்டீங்களே ஐயா" என்றாள் அத்தை.

அவர் முகம் வாடிவிட்டது. பாவம், அவர் நல்லதுதான் செய்திருந்தார். சபையில் எத்தனை பேரிடம் பேசி, ஒருவர் மூலமாகச் சென்னையிலிருந்து அந்தத் தட்டை வரவழைத்திருந்தார். 

"அந்தப் பழைய கிண்ணத்த வெளிய எடுங்க ஐயா. அந்த ஒண்ணுதான் நமக்குக் கீது. என் ஒரு வாய்க்காவ அத மூட்ட கட்டாதீங்க."

"சரிம்மா. எடுத்துடறேன். அடுத்த மாசம் நீங்கதான் முதல்ல வரணும்."

அத்தை தலையை ஆட்டினாள். தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "டாக்டரு வைக்கலாம்னுதான் சொல்லிச்சி. ஆனா இது மூடல ஐயா. ஊட்ல குடிச்சிப் பாத்துட்டேன். பாதி உள்ள போவுது, பாதி திரும்பக் கிண்ணத்துலயே ஊத்துது. அத அடுத்தவங்க எப்டிக் குடிப்பாங்க? என் வாயில ஊறினத ஊருக்குக் குடுக்க மாட்டேன்."

போதகருக்கு ஒரு வழி தோன்றியது. "அப்ப கடைசியா வாங்கம்மா. எல்லாரும் குடிச்ச அப்பறம், அதே கிண்ணத்துல. ஒழுகினாலும் பரவாயில்ல, மீதியை நான் குடிச்சுக்கறேன்." 

அவர் குடித்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல வழிதானே, ஒத்துக்கொள்ள மாட்டாளா என்று அத்தையைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"உங்க மனசு பெரிய மனசு ஐயா. ஆனா கடைசியா வாணாம். எங்கப்பாவ அந்தக் கடையில எல்லாரும் குடிச்சி முடிச்ச அப்பறம்தான் கூப்டுவாங்க. நான் பின்னால ஒக்காந்து பாத்துக்கினு கீறேன். நீங்க எல்லாரும் ஒண்ணா குடிங்க. எனக்கு அது போதும்."

போதும் என்றுதான் சொன்னாள். போதவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பழைய கிண்ணம் திரும்ப வர ஒன்றிரண்டு மாதம் ஆயிற்று. சுத்தம் சுகாதாரம் என்று சிலர் முணுமுணுத்தார்கள், பேங்க் ஆபீசர் கொஞ்சம் அதிகமாகவே. போதகர் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தை கடைசி பெஞ்சுக்குப் போனாள். என் மாமியார் உண்மை தெரிந்தபின் விபூதிக் கதையை அதற்கு முன் யாருமே சொன்னதில்லை என்பதுபோல நடந்துகொண்டார். நானும் முன்வரிசையை விட்டு அத்தையோடு பின்னால் உட்கார ஆரம்பித்தேன். திருவிருந்து நேரத்தில் அவளைத் தாண்டி எழுந்து போவது எனக்கு ஒவ்வொரு தடவையும் கஷ்டமாக இருந்தது. "போ, போ, ஜல்தி" என்று முழங்காலை ஒதுக்கி வழிவிடுவாள். நான் முழங்காலில் நின்று, கிண்ணத்தில் வாய் வைத்து, திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், தலையைச் சாய்த்து என் காதில் கேட்பாள்.

"இனிச்சிதா?"

"இனிச்சிது அத்தை."

உடனே பீடத்தின் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருவர் விடாமல் கிண்ணத்தில் வாய் வைக்கிறார்களா என்று கடைசி ஆள் வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

உதட்டு நோய் அவளிடம் திரும்ப வரவே இல்லை. ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சலில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே, வீட்டில் போய்விட்டாள். தெருவே வந்து தூக்கிக்கொண்டு போனது.

நான் இப்போதும் அந்தக் கடைசி பெஞ்சில்தான் உட்கார்கிறேன். ஏன் அவ்வளவு பின்னால் என்று மாமியார் கேட்பார், பழகிவிட்டது என்பேன். முதல் ஞாயிறு எழுந்து போவேன். கிண்ணத்தில் வாய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவேன். யாரும் எதுவும் கேட்பதில்லை. நாக்கில் அந்த இனிப்பு இருக்கும்போதுதான் அத்தை இல்லை என்பது எனக்கு உறைக்கிறது.